டோக்கன் நம்பர் நூற்றுப் பதினேழு

என் பிள்ளைகளின் அம்மாவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? நானும் சுகம், மானம்தான் கொஞ்சம் போய்விட்டது. நேற்று குளிர்க்கிடங்கில் பெட்டி அடுக்கும்போது மயங்கி விழுந்தேன். கண் விழித்ததும் மேஸ்திரி, "உன் பேர் என்னய்யா?" என்றார். நான் சாப்பாட்டு டோக்கன் நம்பரைச் சொன்னேன்: "நூத்திப் பதினேழு."

"செத்தாலும் சோத்தை விடமாட்டான்யா!" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மயங்கிக் கிடந்தபோது சாமியும் இல்லை, வெளிச்சமும் இல்லை, நான் என்று ஒருத்தனே இல்லை. அப்படியென்றால் இத்தனை வருஷம் பெட்டி தூக்கியது யார்? தெரிந்தால் எழுது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. சின்னவளை "அப்பா" என்று கூப்பிடச் சொல்லி, போனில் பதிந்து அனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போக வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கண் விழித்ததும் முதலில் நுனிநாக்கில் வந்து நின்றது அந்த நம்பர் இல்லை. "ஏன்யா எழுப்புனீங்க?" என்பதுதான். விழுங்கிவிட்டேன்.