உட்கார்ந்தபடியே ஏறிய கலோரி

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். துபாயில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அத்தா காதில் விழக்கூடாது என்றுதான் பேசாமல், தங்கை இக்ராவின் போனுக்கு இதை எழுதி அனுப்புகிறேன்.

நான் வேலை செய்யும் ஜிம்மில் திங்கட்கிழமை ஒரு சின்ன சம்பவம். தினமும் வரும் பெரியவர் ஒருவர், அன்றைக்கு ஓடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரத்தில் கலோரி ஏறுவதைச் சிரித்தபடி என்னிடம் காட்டினார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. அவர் இன்னும் திரும்பி வரவில்லை.

கழுகுமலைக்காரர் செண்பகராஜ் அண்ணாச்சிதான் இங்கே டிரெய்னர். "ஏலே அஸ்லம், அது நாடித்துடிப்ப வச்சுத்தான் கணக்குப் போடுது. ஓடுனதால துடிக்குதா, நெஞ்சு கெட்டுத் துடிக்குதான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அம்மா, நான் கொடுத்தனுப்பிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அத்தா போன வாரம் ஒரு படம் அனுப்பினாரே. கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே, மதியத்துக்குள் எண்ணூறு கலோரி. "பாருல, நடக்காமலே!" என்று பெருமை வேறு. அதை நம்பித்தானே சுகரையும் மறந்து கடலைமிட்டாய் சாப்பிடுகிறார்? மிட்டாய் கிடக்கட்டும். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய் நெஞ்சைப் பார்க்கச் சொல்லுங்கள். நடக்க விடாதீர்கள், ஆட்டோ பிடியுங்கள்.

அத்தா கத்துவார். கத்தட்டும். அதை இக்ரா வாய்ஸ் மெசேஜில் பிடித்து அனுப்பட்டும். மிஷின் துடைக்கக் கூப்பிடுகிறார்கள், போனை லாக்கரில் வைக்க வேண்டும். சாயங்காலம் திறக்கும்போது அதில் அத்தா குரல் இருக்க வேண்டும்.

அஸ்லம்