பழைய சரக்கு முதலில்

மார்ச் 3

எனக்கு மாரடைப்பு வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் டாக்டர் சீட்டை மாற்றினார். நாடித்துடிப்பு ரொம்பக் குறைந்திருக்கிறதாம். ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டு அதையே பாதி வீரியத்தில் எழுதினார். வாங்கியாயிற்று. ஆனால் பழையதில் நாலு அட்டை மிச்சம் இருக்கிறதே. முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சாலை ஸ்டோரில் பழைய சரக்கைத் தீர்க்காமல் புதுப் பெட்டியைத் தொட விட்டதில்லை நான். புதியதை அலமாரியில் பின்னால் தள்ளிவைத்தேன்.

மார்ச் 9

குளியலறையில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மனைவியிடம் சொல்லவில்லை.

மார்ச் 12

இன்று இவள் கண் முன்னாலேயே தள்ளாடிவிட்டேன். மகளுக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவம், தலைப்பிரசவம். போனில் மகளிடம் இவள், "அப்பாவை இப்படி விட்டுட்டு நான் எப்படிம்மா வர்றது" என்றாள். வைத்துவிட்டு அடுப்படியில் போய் அழுதாள்.

எல்லாம் என்னால்தான். ஒரு வேளை மாத்திரைகூட விடலையே, அப்புறம் ஏன் இப்படி? மறுபடியும் வந்துடுமோ? பயமா இருக்கு.

மார்ச் 13

மருந்தையெல்லாம் ஒரு பையில் அள்ளிப்போட்டு என்னை மருந்துக்கடைக்கு இழுத்துப் போனாள். கடைக்கார அம்மா சீட்டையும் அட்டைகளையும் ஒத்துப் பார்த்தார்.

"நிறுத்தினதைப் போட்டுட்டு இருக்கீங்களே சார். புதுசைப் பிரிக்கவே இல்லையே?"

ஸ்டோர் வழக்கத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டார். உடனே வரச் சொன்னார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். புதிதாக எதுவும் இல்லை, வீரியம் அதிகமானதுதான் காரணம் என்றார் டாக்டர். அப்பாடா. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் இவள் பிடித்துக்கொண்டாள். "நட்டும் போல்ட்டும் வீணாகாமப் பாத்துக்கிட்டீங்க. நீங்க போயிருந்தா நான் எந்த ஸ்டோர்ல போய் வாங்குறது?"

இன்னும் நிறையத் திட்டினாள். சுகமாக இருந்தது.

மார்ச் 14

பழைய அட்டைகளைக் கடையில் ஒப்படைத்தேன். கொடுக்க மனசு வரவில்லை. கொடுத்துவிட்டேன்.

மார்ச் 22

ஒரு வாரமாகத் தலைசுற்றல் இல்லை. இவள் நம்பாமல் என்னை மாடிப்படியில் ஏறி இறங்கவிட்டுப் பார்த்தாள். சாயங்காலம் பரண்மேல் இருந்த பயணப் பெட்டியை இறக்கித் துடைத்தாள்.

மார்ச் 29

பேத்தி. இரண்டே முக்கால் கிலோ. தாயும் சேயும் நலம்.

மகள் ஊருக்குப் போன நாள் முதல் இவள் காலை எட்டு மணிக்குப் போனில், "மாத்திரை போட்டாச்சா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். இன்று கால்மணி நேரம் குழந்தையின் மூக்கைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

போட்டாச்சு.