கருவி கேட்கும் முதல் வார்த்தை

இன்று காலை கடற்கரைச் சாலையில் ஒரு மனிதர் கடலைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நடுவயது, சலவைச் சட்டை, கையை வீசி வீசிப் பேச்சு. எதிரே அலையைத் தவிர யாருமில்லை. கிட்டே போன பிறகுதான் காதில் வெள்ளையாக ஒன்று செருகியிருப்பது தெரிந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒரு காலத்துல பைத்தியம் யாரு, போன் பேசறவன் யாருன்னே தெரியாம போயிடும் பாரு" என்று நீ சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. நீ சொல்லிவைத்தவை மட்டும் ஊரெல்லாம் நடமாடிக்கொண்டிருக்கின்றன.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கொடுத்துவிட்டுப் போன புதிதில்தான் தொலைபேசி நிலையத்தில் நாம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். நான் உப்பளம் என்ற பேட்டையைச் சேர்ந்த மில் தொழிலாளியின் மகள். நீ சைகோனில் பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவரின் மகள். உனக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, எனக்கு அது பல்லில் சிக்கும். தலையில் மாட்டிக்கொள்ளும் கருவியில் முந்தைய முறை வேலை பார்த்தவளின் தேங்காயெண்ணெய் வாசம் இருக்கும். மதியம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். ஜன்னல் வழியே உப்புக்காற்று வரும். எதிரே இணைப்புப் பலகையில் அழைப்பு விளக்கு ஒன்றும் எரியாது. அரைத்தூக்கத்தில் நீ வருங்காலத்தைப் பேச ஆரம்பிப்பாய். எனக்கு அது கனவைக் காதால் பார்ப்பது போலிருக்கும்.

பிரெஞ்சு காலத்துப் பழக்கப்படி, யார் கூப்பிட்டாலும் முதலில் நீ "ஜெகூத்" என்பாய். கேட்கிறேன் என்று அதற்குப் பொருள். ஒருநாள் அரிசி மண்டிக்காரர் ஒருவருக்கு அதில் கடைசிப் பாதி மட்டும் காதில் விழுந்துவிட்டது. "கூத்தெல்லாம் இங்க ஒண்ணும் நடக்கலம்மா, மாட்டு டாக்டரக் குடு" என்று கத்தினார். நாம் இருவரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். கொஞ்ச நாளில் மேலிடத்து உத்தரவு வந்தது. இனி எல்லோரும் "நம்பர் ப்ளீஸ்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். எனக்கு நிம்மதி. நீயோ அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். வேலைப்பளுவா என்று கேட்டேன்.

"முன்ன கேக்கறேன்னு சொன்னோம். இப்ப நம்பரக் கேக்கறோம். ஒரு நாளு ஆளு போயி நம்பருதான் நிக்கும், பார்த்துக்கோ" என்றாய்.

அன்றுதான் உன் சித்தாந்தம் பிறந்தது. ஒரு கருவி நம்மை எங்கே கொண்டுபோகும் என்று தெரிய வேண்டுமானால், அது நம்மை முதலில் என்ன பேச வைக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பாய். கடிதம் நலமா என்று ஆரம்பிக்கிறது, அதனால் அதற்குப் பொறுமை உண்டு. தந்தியைப் பிரிக்கும் முன்பே வீட்டில் அழுகிறார்கள், அதனால் அதற்கு வார்த்தையே அவ்வளவாக வேண்டாம். ரேடியோ யாரையும் எதுவும் கேட்பதில்லை, அதனால் அது வளர்ந்தால் நாம் வாயடைத்து உட்கார்ந்திருப்போம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஜாதகம் கணித்தாய். பெரிய ஜோசியக்காரி என்று கேலி செய்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

தூரத்தில் நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பலைக் காட்டி நீ சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிது. கப்பலில் கம்பியில்லாக் கருவி இருக்கிறது, அதோடு பேசும்போது முதலில் எங்கே இருக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள், ஏனென்றால் கப்பல் ஓரிடத்தில் நிற்பதில்லை. டெலிபோனும் ஒருநாள் சுவரை விட்டு இறங்கி மனிதனோடு நடக்கும், அன்று எல்லோரும் கப்பல்தான் என்றாய். "அப்ப ஹலோவும் இருக்காது, நம்பரும் இருக்காது. எங்க இருக்க, அதான் மொத வார்த்தை."

ஊரைக் கைமாற்றிய ஒப்பந்தம் உறுதியாகி, எந்த நாட்டுக் குடிமகன் என்று அவரவர் முடிவு செய்ய வேண்டிய வருடம் வந்தது. உன் அப்பா பிரெஞ்சுக்காரராகவே இருப்பதென்று தீர்மானித்துக் பிரெஞ்சு தேசத்துக்குப் போகக் கப்பலுக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். நீ நினைத்தால் இங்கேயே தங்கலாம். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து உன்னிடம் கெஞ்சினேன். எனக்கு உன்னைவிட்டால் யாரிருக்கிறார்கள் என்று வெட்கமில்லாமல் கேட்டேன். நீ மறுபடி வருங்காலத்துக்குள் போய்விட்டாய். நாம் கிழவியாவதற்குள் முகம் பார்த்தே பேசலாம், பக்கத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும் என்றாய். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"மாதிரி வேற, வர்றது வேற. நாளைக்கு நம்மள்ல ஒருத்தி செத்தா, இன்னொருத்தி உன் கம்பியில ஏறியா வருவா?"

"அதுக்கு மட்டும் எனக்குப் பதில் வரலடி" என்றாய். அடுத்த மாதம் கப்பலேறிவிட்டாய்.

பிறகு கடிதங்கள், எப்போதாவது ஒரு டிரங்க் கால், அதற்கும் பிறகு நீண்ட மௌனம். பேரன் தன் போனை என் கையில் திணித்து உன் முகத்தைக் காட்டிய நாளில் நீ நரைத்திருந்தாய், எனக்குப் பல் போயிருந்தது. நீ வாய் திறந்து கேட்ட முதல் வார்த்தை, "எங்கடி இருக்க?" சிரித்து முடிக்கவே நமக்கு நேரம் பிடித்தது. அதன்பின் உன் அடுப்பில் குழம்பு கொதிப்பதையும் உன் ஜன்னலில் பனி பெய்வதையும் உப்பளத்து வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சந்தோஷமாக இருந்தேன். ஆனாலும் மாதிரிதானே என்று மனசு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

உன் அடக்கத்தன்று உன் மகள் தேவாலயத்திலிருந்து அழைத்தாள். இங்கே பிற்பகல் வெயில். அவள் போனை உன் பெட்டிக்கருகே கொண்டுபோய், தெரிந்த தமிழில், "அம்மாகிட்ட பேசுங்க தந்த்" என்றாள். சித்தி என்பதற்கு அவளுக்குத் தெரிந்த சொல் அதுதான். நான் பேசினேன். என்ன பேசினேன் என்பது நமக்குள் இருக்கட்டும். கல்லறையில் எல்லோரும் ஒவ்வொரு பிடி மண் போட்டார்கள். உன் மகள் எனக்காகவும் ஒரு பிடி போட்டாள்.

அழைப்பு முடிந்ததும் எழுந்து நேரே கிணற்றடிக்குப் போனேன். யோசிக்கவே இல்லை. சொந்தமில்லாதவர் இறந்த செய்தி காதில் விழுந்தால் எங்கள் வீட்டில் குளிப்பதில்லை. சாவுக்குப் போய்த் திரும்பினால்தான் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வருவோம். இரண்டு குடம் ஊற்றிய பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. மருமகள் வாசற்படியில் வந்து நின்றாள். "எங்கயும் போகலயே அத்த, எதுக்கு இந்நேரத்துல தலைக்கு ஊத்தறீங்க?" என்றாள்.

"சாவுக்குப் போயிட்டு வந்துட்டேன்" என்றேன்.