பிராக்டீஸுக்கு வராதவள்

இன்று காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கீழே யாரோ பந்து தட்டும் சத்தம் கேட்டது. சிமென்ட் தரையில் பாஸ்கெட் பால் விழுந்து எழும் சத்தம் வேறு எந்தப் பந்துக்கும் கிடையாது, உனக்குத் தெரியாததா. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். எங்கள் குடியிருப்பின் கோர்ட்டில் ஒரு பெண் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தாள். பத்துப் பதினைந்து முறை போட்டிருப்பாள், ஒன்றுகூட விழவில்லை. ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி போட்டாள். "பால் பொங்குது" என்று என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கத்தினார். போய் அடுப்பை அணைத்தேன். துடைக்கத் துணி எடுத்தேன். துணியோடு மறுபடி பால்கனிக்கே வந்து நின்றேன்.

நீ போய் இருபத்து மூன்று நாள் ஆகிறது. இத்தனை நாளும் எனக்கு இப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த பிறகும் இரண்டு முறை எழுந்து போய்விட்டு வந்தேன்.

தொண்ணூற்றொன்றில் நமக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்திருந்தோம். ஸ்ரீபெரும்புதூரில் நாம் படித்த பள்ளிக்கூடத்து மாஸ்டர், பழைய மாணவிகளைச் சேர்த்து ஒரு டீம் வைத்திருந்தார். காலை ஐந்தரைக்குப் பிராக்டீஸ். என் அப்பா கம்பவுண்டர், எங்கள் வீடு மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி. அம்மா எழுப்பிவிட்டு, ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்து, ஷூவைத் துடைத்து வாசலில் வைப்பாள். நான் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. மழை பெய்தாலும் போய் நிற்பேன். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் வலது கையால் ஐம்பது, இடது கையால் ஐம்பது பந்து போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அதற்காகத்தான் மாஸ்டர் என்னைக் கேப்டன் ஆக்கினார்.

நீ சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் வந்து, அங்கே பஸ் மாறி வருவாய். வாரத்தில் இரண்டு நாள் வந்தால் அதிகம். வந்தாலும் எல்லாரும் ஓடி முடித்த பிறகுதான் வருவாய். வந்து பாவாடைக்கு மேல் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தைக் கையில் வாங்கினால் போதும். நம் கூடைக்கு அடியில் நின்றபடி எதிர்க்கூடைப் பக்கம் வீசுவாய். ஓடிக்கொண்டிருக்கிற என் கைக்கு, நான் நிமிர்ந்து பார்க்கும் நேரத்துக்குச் சரியாகப் பந்து வந்து சேரும். நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியும் முன்பே உனக்குத் தெரிந்திருக்கும்.

"இதெல்லாம் பொறவியிலேயே வர்றது. சொல்லிக் குடுத்து வராது" என்பார் மாஸ்டர். என்னைப் பார்த்து, "நீ உழைக்கிற புள்ள" என்பார். பாராட்டுத்தான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரியும். நூறு பந்து போட்டு நான் கைக்குக் கொண்டுவந்ததை நீ தூங்கி எழுந்து வந்து செய்கிறாய் என்று நினைப்பேன். டீமில் எல்லாரும் உன்னைச் சோம்பேறி என்றார்கள். அதைத் தடுக்க வேண்டியவள் நான். தடுத்ததில்லை.

காஞ்சிபுரம் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது நீ வருவதே நின்றுபோனது. "போய்ப் பாத்துட்டு வாம்மா. தூங்கறாளா, கல்யாணம் கில்யாணம் பண்ணிட்டாங்களான்னு" என்று மாஸ்டர் என்னை அனுப்பினார். முதல் பஸ்ஸில் வந்தேன். உன் வீட்டில் உன் அப்பா முதுகு முறிந்து கட்டிலில் கிடந்தார். நெல் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நீ எங்களிடம் சொன்னதே இல்லை. கழனிப் பக்கம் கையைக் காட்டினார்.

அது நடவு நேரம். வரப்பில் நின்று பார்த்தேன். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு நாற்றுக்கட்டுகளை எடுத்து எடுத்து வீசிக்கொண்டிருந்தாய். உன் அம்மாவும் ஏழெட்டுப் பெண்களும் குனிந்து நட்டபடி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை, யாரும் கேட்கவில்லை. யாருக்குக் கையில் நாற்று தீர்கிறதோ அவள் கைக்கு எட்டும் இடத்தில் கட்டு வந்து விழுந்தது. இருபது முப்பது அடி தூரம். ஒருத்தி மேலும் சேறு தெறிக்கவில்லை.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நாங்கள் பொறவி என்று சொல்லிக்கொண்டிருந்தது எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்துவிட்டேன். நான் ஐந்தரைக்கு எழுந்து நூறு பந்து போட்டேன். நீ நான்கு மணிக்கு எழுந்து எத்தனை கட்டு வீசினாயோ, எத்தனை வருஷமாக வீசினாயோ.

நீ என்னைப் பார்த்ததும் சிரித்தாய். "இன்னா கேப்டன், எறங்கி வர்றியா? ஒரு கட்டு புடிக்கிறியா?"

வரப்புக்கு ஏறி வந்தாய். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வெளுத்துப் பிளந்திருந்தது.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா இன்னா ஆவும்? அப்பா வேலைய நான் செஞ்சினு கீறேன். அவ்ளோதான். மாஸ்டர்கிட்ட சொல்லாத கேப்டன். கூலிக்குப் போறேன்னு தெரிஞ்சா மத்தவளுங்க பாவம் பாப்பாளுங்க. அது எனக்கு ஆவாது. சோம்பேறின்னே நெனச்சிக்கட்டும்."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"மேரி மாதா மேல?"

"மேரி மாதா மேல."

நீ மாதா கோயிலுக்குப் போகிறவள், நான் பெருமாள் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் கையை அடித்துச் சத்தியம் செய்தேன்.

காஞ்சிபுரத்துக்கு நீ வந்தாய். குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்கு அப்புறம் நம் ஊர்ப் பேரைச் சொன்னாலே எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? போட்டி நடத்தியவர் மைக்கில் நம் டீம் பேரைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. நீ என் காதில், "ஆடி முடிக்கும்போது வேற மாதிரி பாப்பானுங்க" என்றாய். முதல் பாதியில் அப்படித்தான் ஆனது. நீ வீச, நான் ஓடிப் பிடித்துப் போட, எதிர் டீமுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் பாதியில் உன்னால் ஓட முடியவில்லை. இரவல் ஷூவுக்குள் அந்தப் புண்ணோடு எப்படி ஓடுவாய்? நின்ற இடத்திலிருந்தே வீசினாய். இரண்டு புள்ளியில் ஜெயித்தோம்.

அன்றைக்கு ஒரு அரசுத் துறையிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு பெண்ணுக்கு வேலை. ஆட்டம் முடிந்ததும் சாமியானாவுக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார். கையில் டீ டம்ளர்.

"உங்க டீம்ல ரெண்டு பேரு. நீ ஒண்ணு, அந்த உயரமான பொண்ணு ஒண்ணு. ஆட்டம் அதுகிட்டத்தான் நெறைய கீது. ஆனா செகண்ட் ஹாஃப்ல ஓடவே இல்லயே. எப்பவுமே அப்படித்தானா? நீ கேப்டன், நீயே சொல்லு."

அவர் கேட்டபோது நீ தூரத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு, கால் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். முதுகு எங்கள் பக்கம் இருந்தது.

"திறமை இருக்கு சார். பிராக்டீஸுக்குத்தான் ஒழுங்கா வர மாட்டா" என்றேன்.

அவர் தலையாட்டினார். டீயைக் குடித்து முடித்தார். அவ்வளவுதான்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குள் கணக்காகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நான் பொய் சொல்லவில்லை. நீ வராதது உண்மை. ஏன் வரவில்லை என்று சொன்னால் சத்தியம் தவறியது ஆகும். நீயே கேட்டு வாங்கிய சத்தியம். அதை வைத்தே உன்னை வெட்டிவிட்டு, அதற்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டேன். நீ என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாய்.

எனக்கு ஆர்டர் வந்தது. ஊரை விட்டுக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாய். "ஒழைச்சவளுக்குத்தான் கெடைக்கணும். எனக்குச் சந்தோசம் கேப்டன்" என்றாய். பஸ் கிளம்பும்வரை உன் முகத்தைப் பார்க்காமல் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வருஷங்கள். நான் அந்தத் துறைக்காக எட்டு வருஷம் ஆடினேன், பிறகு மேசையில் உட்கார்ந்தேன். நீ கல்யாணமாகி வாலாஜாபாத் பக்கம் போனாய் என்று கேள்விப்பட்டேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஒரகடத்தில் நாங்கள் வீடு வாங்கியபோது, முழுக்கத் தொழிற்சாலைகளாகிவிட்ட அந்த ரோட்டில் ஒரு மத்தியானம் உன்னைப் பார்த்தேன். முதல் ஷிப்ட் விட்ட நேரம். ஏதோ ஒரு கம்பெனி கேன்டீன் யூனிபார்மில் தலையில் வலைத் தொப்பியோடு கம்பெனி பஸ்ஸுக்கு நின்றாய்.

"இன்னா கேப்டன், கண்ணாடியெல்லாம் போட்டுக்கினு வாத்தியாரம்மா மாதிரி கீற!"

பத்து நிமிடம் பேசினோம். இரண்டு பெண்கள், புருஷன் விட்டுவிட்டுப் போனது, காலையில் எண்ணூறு இட்லி. நான் கேட்டுக்கொண்டே நின்றேன். நடுவிலேயே குறுக்கிட்டு, சாமியானாவுக்குப் பின்னால் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

நீ வலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாய்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் சோம்பேறின்னு நீ நம்பினயா?"

"இல்ல. நான்தான் கண்ணால பார்த்தேனே."

"நம்பி சொல்லியிருந்தா பரவால்ல கேப்டன்" என்றாய். குரல் ஏறவே இல்லை. "தெரிஞ்சிக்கினே சொல்லிகீற."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாய்.

அடுத்த பொங்கலுக்கு நீயாகவே என் வீட்டுக்கு வந்தாய். கரும்போடு. சாப்பிட்டாய், சிரித்தாய், என் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்தாய். அதன் பிறகும் வருஷத்துக்கு இரண்டு முறை வந்தாய். அந்தப் பேச்சை மட்டும் நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னித்துவிட்டாய் என்று நானே வைத்துக்கொண்டேன். உன் வாயால் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சிறுநீரகம் கெட்டு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது மூன்று முறை வந்து பார்த்தேன். மூன்று முறையும் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, ஊர்க் கதை பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உன் வீட்டில் ஜெபக் கூட்டம் நடந்த அன்று மூத்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இங்கேதான் ஒரு தொழிற்சாலையில் லைனில் நிற்கிறாளாமே. அழுது ஓய்ந்த முகம்.

"ஆன்ட்டி, அம்மா ஒங்களப் பத்தி நெறைய சொல்லும். எங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னாக்கூட லீவு போட விடாது. 'நான் பிராக்டீஸுக்குப் போவாம இழுத்துப் போத்திக்கினு தூங்கினேன், கவர்மென்ட் வேலை கைய வுட்டுப் போச்சு. என் சிநேகிதி ஒழைச்சா, அவளுக்குக் கெடச்சுது. நீங்க அவள மாதிரி இருங்கடி'ன்னு சொல்லிக்கினே இருக்கும்."

பஸ் ஸ்டாப்பில் அத்தனையும் கேட்ட பிறகும் நீ உன் பெண்களிடம் மாற்றிச் சொல்லவில்லை. நான் ஒரே ஒரு ஆளிடம் சொன்ன வார்த்தையை நீ உன் வீட்டில் வளர்த்திருக்கிறாய். பெண்கள் உருப்பட வேண்டும் என்று செய்தாயா, என்னைக் காப்பாற்றச் செய்தாயா, கேட்க நீ இல்லை.

அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பாவின் முதுகு, நாற்றுக்கட்டு, சேற்றுப்புண், சத்தியம், டீ டம்ளர். உங்கம்மா தூங்கவில்லை, எங்கள் எல்லாரையும்விட அவள்தான் உழைத்தாள் என்றேன்.

அவள் அழவில்லை.

"அம்மா சொல்லாதது சரி ஆன்ட்டி. அது எப்பவும் அப்படித்தான். இத்தினி வருசம் எங்க வூட்டுக்கும் ஒங்க வூட்டுக்கும் போக்குவரத்தாத்தானே இருந்தோம். நீங்க ஏன் எங்ககிட்ட சொல்லல?"

துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தங்கையைப் பற்றிச் சொன்னாள். இளையவள் உன்னோடு இரண்டு வருஷமாகச் சரியாகப் பேசவில்லையாம். 'நீ ஒழுங்கா இருந்திருந்தா நாங்க இப்படி கஷ்டப்படுவோமா' என்று ஒரு நாள் உன் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாளாம். நீ ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கேன்டீனுக்குக் கிளம்பிப் போனாயாம். அந்தக் கோபத்திலேயே வாலாஜாபாத்தில் தனியாக அறை எடுத்து இருக்கிறாள். ஜெபத்துக்கு வந்தவள் சாப்பிடாமலே திரும்பிவிட்டாள்.

"நான் சொன்னா நம்ப மாட்டா. அம்மாவுக்குப் பரிஞ்சு பேசறேன்னுவா. நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள் மூத்தவள்.

ஞாயிற்றுக்கிழமை இளையவளைப் பார்க்கப் போகிறேன். என் வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். அவள் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். அவள் அப்படியே நீதான், உயரம், நெற்றி, சிரிப்பு எல்லாம். நான் உன்னை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது நீ பாதியாகியிருந்தாய். இவள் வாசலில் வந்து நிற்கும்போது பதினெட்டு வயது நீயாகத்தான் இருப்பாய்.