பத்தில் வைத்து அளக்கிறவளுக்கு

வல்லத்திராக்கோட்டை,
டிசம்பர் 2.

அன்புள்ள ஷர்லிக்கு,

பிரகதீஸ்வரி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் ஓசூரில் நலமாகத்தான் இருக்கிறாய், உன் யூடியூப் வீடியோவில் கன்னம் உப்பித் தெரிகிறது.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. வாட்ஸ்அப்பில் பிளாக், இன்ஸ்டாவில் பிளாக். போஸ்ட்மேனை மட்டும்தான் நீ இன்னும் பிளாக் செய்யவில்லை. கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பணும் என்று உன் அம்மாவிடம் பொய் சொல்லித்தான் அட்ரஸ் வாங்கினேன்.

முதலில் ஊர்ச் செய்தி. மழை விட்டுவிட்டது. நாம் முதன்முதலில் தைலமரப் பலகையில் செய்த மடக்கு மேசை இந்த ஈரத்தில் இன்னும் முறுக்கிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி நிற்கிறது. "ஒண்ணுக்கு அடிக்கிற நாய் மாதிரி நிக்கிது, அதத் தூக்கி அங்கிட்டுப் போடு" என்று அப்பா தினமும் சொல்கிறார். நான் போடவில்லை.

வீடியோவில் நீ செய்த மேசை நேராக நிற்கிறது. நிற்காதா பின்னே? பைன் பலகை, அறுக்க மெஷின், ஒட்டிய பலகையை இறுக்கிப் பிடிக்க ஆறு கிளாம்ப். ஆறு! எண்ணிப் பார்த்தேன். நான் இன்னும் பசை போட்டுவிட்டு மேலே அம்மிக்கல்லைத்தான் தூக்கி வைக்கிறேன். சட்னி அரைக்க அம்மா கல்லைக் கேட்டால், பசை காயட்டும் என்று சண்டை போடுகிறேன். உனக்கு இருபத்தெட்டாயிரம் சப்ஸ்கிரைபர். எனக்கு நாற்பத்தொன்று. அதில் நாலு ஐடி என்னுடையது.

இதற்கெல்லாம் கூட எனக்கு வயிறு எரியவில்லை. சரி, எரிந்தது. ஆனால் நான் அந்த கமெண்ட் போட்டது இதற்காக இல்லை.

ஆமாம், 'வுட் குயின்' நான்தான். "இந்த மேசை டிசைன் திருடியது, ஒரிஜினலைத் தைலமரத்தில் செய்தவள் வேறு ஒருத்தி" என்று எழுதியது நான்தான். தைலமரம் என்று எழுதியதுமே நீ கண்டுபிடித்திருப்பாய். உலகத்திலேயே அந்த மரத்தில் மேசை செய்த முட்டாள்கள் நாம் இரண்டு பேர்தானே. அதற்குக் கீழே இருநூறு பேர் வந்து உன்னைத் திட்டுவார்கள் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. முதல் பத்துப் பேர் திட்டியபோது சந்தோஷப்பட்டேன். அதையும் மறைக்க மாட்டேன்.

அந்த டிசைன் என்னுடையது இல்லை. ஏதோ ஒரு வெள்ளைக்காரர் வீடியோவை நிறுத்தி நிறுத்தி இரண்டு பேரும்தான் வரைந்தோம். கீலை உள்பக்கம் வைத்தால் மேசை தட்டையாக மடங்கும் என்று கண்டுபிடித்தது நீ. நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை அப்படியே அந்த வீடியோவின் கீழ் நேற்று என் சொந்தப் பெயரில், போட்டோவோடு எழுதிவிட்டேன். போய்ப் பார்.

அப்புறம் எதற்கு எரிந்தது என்றால், அந்த வீடியோவின் நாலாவது நிமிஷம். உன் ரூம்மேட் சத்யா டேப்பைப் பிடித்துப் பென்சிலால் கோடு போடுகிறாள். நீ அவளைப் பார்த்து, "பத்து சேத்தியாடி?" என்கிறாய்.

அது நம்ம கேள்வி ஷர்லி. டிராக்டர் ஏறி நம்ம டேப்பின் முனை பிய்ந்து, முதல் நம்பர்கள் தொலைந்ததால்தானே நாம் பத்தில் வைத்து அளக்க ஆரம்பித்தோம்? நாற்பத்தைந்து வேண்டும் என்றால் ஐம்பத்தைந்தில் கோடு. நான் கோடு போடுவேன், நீ கேட்பாய், நான் "சேத்தாச்சு" என்ற பிறகுதான் ரம்பம் இறங்கும். அந்த டேப் எது என்றே சத்யாவுக்குத் தெரியாது. நீ கேட்டதற்கு "எதுக்குப்பா?" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பதினேழு தடவை பார்த்தேன். பதினெட்டாவது தடவை கமெண்ட் போட்டேன்.

போன வாரம் உன் அம்மா வந்தார்கள். முட்டி வலியில் தரையில் உட்கார முடியவில்லையாம், அடுப்படிக்கு ஒரு முக்காலி வேண்டுமாம். என்னைத் தேடி வந்துவிட்டார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. உனக்கு முன்னால் நான் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று ஒரே நாளில் தனியாகச் செய்தேன். உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, வீடியோ கூட எடுத்தேன்.

உங்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்ததும் உன் அம்மா உட்கார்ந்தார்கள். உட்கார்ந்துகொண்டே போனார்கள். "ஏ பிரகதி, ஒக்காந்துட்டேன். இனிமே என்னய யாருடி தூக்குறது?" என்றார்கள். முப்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம். மூன்று காலும் பத்து பத்து குறைவு. பத்தில் வைத்து நாற்பத்தைந்திலேயே கோடு போட்டிருக்கிறேன். கேட்க ஆள் இல்லை.

நானும் கூட வந்திருந்த என் அப்பாவும் சேர்ந்து தூக்கிவிட்டோம். அம்மா சிரித்துவிட்டு, "அவளுக்கு இந்த வருசம் லீவு இல்லயாம், கிறிஸ்துமஸுக்கு வரலங்கிறா. கம்பெனிக்காரன் பண்டிகைக்குக் கூடவா விட மாட்டான்?" என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியும், அது கம்பெனி இல்லை, என் கமெண்ட். முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்து திரும்ப அந்த நாலாவது நிமிஷத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை சத்யா முகத்தைப் பார்க்கவில்லை, பலகையின் அடுத்த முனையில் உன் கையைப் பார்த்தேன். டேப் புத்தம் புதுசு, மஞ்சள் கலர், முனைக் கொக்கி பளபளவென்று இருக்கிறது. ஆனாலும் நீ அதைப் பலகைக்கு வெளியே தள்ளிவிட்டு, பத்தைத்தான் விளிம்பில் வைத்துப் பிடித்திருக்கிறாய். அவள் ஏன் சிரித்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

நிறுத்தி வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். சத்யா மேல் இருந்த எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. முழுசாக இல்லை. அவளிடம் சொல்லு, பென்சில் பிடிக்கத் தெரியவில்லை என்று.

ஆலங்குடி சா மில்லில் பலாமரச் சட்டம் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். புது முக்காலிக்கு மூன்று கால், அதே பழைய டேப்பால் அளந்து கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஐம்பத்தைந்தா நாற்பத்தைந்தா என்று நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ரம்பத்தையும் தொடமாட்டேன். கிறிஸ்துமஸ் வரை உன் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டேதான் வெங்காயம் அரிய வேண்டும். முட்டி வலித்தால் அதற்கு நாம் இரண்டு பேரும்தான் பொறுப்பு. அறுக்கும் முன்னால் கேட்க வேண்டியவள் வந்து கேட்கட்டும்.

அந்த அறுப்பு மெஷினில் கவனமாக இரு. வேறு எதையும் மறந்தாலும் பரவாயில்லை, பத்து விரலோடும் பத்திரமாக ஊர் வந்து சேர்.

கோடு போட்டுவிட்டுக் காத்திருக்கும்,
பிரகதி