சிங்கிள் ஃபேஸ் வீட்டில் ஒரு லேத்

ஜூன் 3
லேத் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் நான் நின்று இரும்பும் பித்தளையும் கடைந்த லேத். பட்டறையை மூடும்போது முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான்கு பேர் கார் ஷெட்டில் இறக்கி வைத்தார்கள். டீ குடிக்கச் சொன்னேன். நேரமில்லை என்று போய்விட்டார்கள்.

ஜூன் 5
மின்சார அலுவலகம். "வீட்டுக்கு சிங்கிள் ஃபேஸ்தாம்மா. த்ரீ ஃபேஸ் வேணும்னா தெருமுனையிலேருந்து புதுசா கம்பி இழுக்கணும். ஒரு வருஷம் ஆகும்."
லேத் மோட்டார் மூன்று ஃபேஸ் கேட்கிறது. ஒரு வருடம் இதைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதா?

ஜூன் 8
மகள் போன் பண்ணினாள். "அந்த இரும்பை வித்துட்டு இங்கயே வந்துடும்மா." வந்து? அவள் வேலைக்குப் போனபின் பூட்டிய வீட்டில் நான் இன்னொரு சோபா. "பாக்கலாம்" என்றேன்.

ஜூன் 14
பட்டறை எலெக்ட்ரீஷியன் வந்தார். பழைய மூன்று ஹெச்பி மோட்டார் ஒன்றைக் கண்டென்சர் வைத்துச் சும்மா ஓடவிட்டால், இல்லாத ஃபேஸை அது உண்டாக்கித் தருமாம். வீட்டு வோல்டேஜுக்குத் தக்கபடி இரண்டு மோட்டாரின் இணைப்பையும் மாற்றினார். ஸ்விட்சைப் போட்டதும் விளக்கெல்லாம் மங்கி எழுந்தன. லேத் சுற்றியது! அவர் போனபின் தனியாக நின்று கை தட்டினேன். பைத்தியம்.

ஜூன் 15
பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "நேத்து பத்து மணிக்கு ஏதாவது பெரிசா போட்டீங்களாம்மா? என் வீட்டுக்காரிக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடுது. கரண்ட் இறங்கினதும் அது கத்த ஆரம்பிச்சுடுச்சு." கோபமில்லை.
எட்டு வருடமாகப் பக்கத்து வீடு. அந்த அம்மா படுத்த படுக்கை என்று எனக்குத் தெரியாது. என்ன மனுஷி நான்?

ஜூன் 16
ஓட்டவில்லை.

ஜூன் 26
எலெக்ட்ரீஷியன் சொன்னார்: "அப்ப டிரைவ் போடுங்க. சிங்கிள் ஃபேஸ் உள்ள போகும், த்ரீ ஃபேஸ் வெளிய வரும். மோட்டாரை மெதுவாத்தான் கிளப்பும்." செங்கல் அளவு பெட்டி. நானே மாட்டினேன். மாட்டியதும் பக்கத்து வீட்டுக்குப் போய், "பத்து மணிக்குப் போடறேன், மெஷின்கிட்ட நில்லுங்க" என்றேன்.
போட்டேன். விளக்கு அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல்: "கத்தலம்மா! கத்தல!"

ஜூலை 9
தினமும் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுகிறேன். தேவையே இல்லை, அவருக்கும் தெரியும். இன்று அந்த அம்மா, "அப்படி என்னதான் செய்றீங்க?" என்றார். போய் ஒரு பித்தளை புஷ், தண்டு சுற்றுவதற்கான சின்ன வளையம், கடைந்து உடனே கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டார். "சூடா இருக்கே" என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 2
சொல்லப் போனேன். அந்த அம்மா விடியற்காலையிலேயே போய்விட்டாராம்.

ஆகஸ்ட் 13
பதினொரு நாளாக லேத்தைத் தொடவில்லை. இன்று பக்கத்து வீட்டுக்காரரே வந்தார்.
"ஏன் நிறுத்திட்டீங்க?"
"சத்தம்... உங்களுக்கு எப்படியிருக்குமோன்னு—"
"வீட்ல சத்தமே இல்லம்மா. அந்த மெஷினையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க." லேத் பக்கம் கை காட்டினார். "ஓட்டுங்க."
முக்காலியை அவரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓட்டினேன். ஒரு மணிக்கு நிறுத்திவிட்டு உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.