அல்பத்தில் சேராத பாட்டு

ஒனிஹங்கா,
ஞாயிறு.

அன்புள்ள சுகந்தினி,

நான் சுகம். உமக்கு அந்த இருமல் விட்டுதோ? போனில் சொன்னால் என்ர கவலையைக் குரலிலேயே பிடித்துவிடுவீர் என்றுதான் எழுதுகிறேன்.

என்ர கன்ட்ரி இசை அல்பத்துக்குப் பத்துப் பாட்டுத் தெரிவுசெய்து முடிந்தது. உமக்காகத் தமிழில் எழுதி இங்கிலிசுக்கு மாத்தின பாட்டை மட்டும் தயாரிப்பாளர் கிரெய்க் வேண்டாமென்றார். ஆனால் அதுக்குப் பிறகு மூன்று தரம் கேட்டுவிட்டார்: “இதை வேற எங்கையும் பாடியிருக்கிறீரோ? பதிவு ஏதும் இருக்கோ?” வேண்டாத பாட்டுக்கு ஏன் இவ்வளவு விசாரணை?

வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவுக்குச் சொன்ன நேரத்துக்கு முன்னமே போனேன். உள்ளே வேறொருவர் அதே பாட்டைப் பாடிக்கொண்டு நின்றார். “சும்மா பழகிப் பார்க்கிறார்” என்றார் கிரெய்க், என்ர முகத்தைப் பார்க்காமல்.

நான் சண்டை பிடிக்கவில்லை. அல்பத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காமல் வந்துவிட்டேன். யோசிக்காதையும், சம்பளத்துக்கு என்ர மற்ற வேலை இருக்குத்தானே.

ஒரு உதவி. சித்திரையில் அந்தப் பாட்டை உமக்கு வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பினேனே, அதை அழித்துப்போடாதையும். எனக்கு அதுதான் சாட்சி. ஒருவருக்கும் போட்டுக் காட்டவும் வேண்டாம்.

நீர் மட்டும் ஒருக்கால் தமிழில் பாடி அனுப்பும். இங்கே வேறொருவர் பாடக் கேட்டபிறகு, அது ஆருக்கு எழுதினதென்று உம்மட குரலில் எனக்குக் கேட்கவேணும்போல இருக்கு.

பஸ் வருகுது, இதோட நிறுத்துகிறேன்.

உம்மட
கீதன்